கோட்டைக்காரனுக்குக் கால் கழுவினேன்

வாசலில் வாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வாரின் உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எல்லையில் கோட்டை கட்டிக்கொண்டு எங்கள் மேய்ச்சல் நிலத்தை விழுங்குகிற நார்மன் இனத்துப் பிரபு அவன். சமாதானம் பேச வந்திருந்தான். இந்தப் பள்ளத்தாக்கின் தலைவரான என் கணவர் கொரொன்வி, சிரிக்கச் சிரிக்கப் பேசி அவனுக்குத் தேன்மது ஊற்றினார். ஆற்றின் அக்கரைப் புதரில் அவருடைய வில்லாளிகள் காத்திருந்தார்கள். அந்தி மங்கலில் முதலில் தண்ணீரில் இறங்கும் குதிரைக்காரன்மேல் அம்பு விட வேண்டும் என்பது உத்தரவு.

வாரின் செத்தால் கோட்டைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? போன தடவை ஒருவனைக் கொன்றதற்கு வீடு வீடாகக் கொளுத்தினார்கள். என் மகள் அந்தப் புகையில்தான் போனாள். இவருக்கு அதெல்லாம் மறந்துவிட்டது.

எங்கள் வேல்ஸ் மலைகளில் வந்தவனுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்போம். மறுத்தால் சாப்பிட்டுவிட்டுப் போகிறவன்; வாசல் தாண்டினால் அவன் பாடு. கழுவிக்கொண்டால் ராத்தங்கும் விருந்தாளி. விடியும்வரை அவன் உயிருக்கு வீட்டுக்காரர் பொறுப்பு. நான் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன்.

"வேணாம் அம்மணி, உடனே கெளம்பணும்," என்றான் வாரின், எங்கள் பேச்சை மென்று துப்பி.

"கெளம்புங்க ஐயா, யாரு தடுத்தா? உங்க கால் நாத்தத்துல என் நாயே எந்திரிச்சு வெளிய போயிடுச்சு. உங்க கோட்டையில தண்ணிக்குப் பஞ்சமா?"

அவன் ஆட்களே சிரித்துவிட்டார்கள். முகம் சிவந்து, காலணியைக் கழற்றினான். நான் கழுவிவிட்டேன்.

கொரொன்வி குனிந்து என் காதருகே வந்தார். "என்னடி பண்ணிட்ட?"

"விருந்தாளிக்கு மரியாதை பண்ணேன்."

ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். ஆனால் வாரின் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "நன்றி அம்மணி. வர்றேன்."

வழக்கம் தெரியாத மடையன்! மழை கொட்டுகிறது, படுக்கை போட்டாயிற்று என்று எவ்வளவோ கெஞ்சினேன். வாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு குதிரை ஏறிவிட்டான். கொரொன்வியும் தன் குதிரையை அவிழ்த்தார்.

"நீங்க எங்க?"

"விருந்தாளி ஆக்கிட்டல்ல? முன்னால போயி வழி காட்ட வேண்டாமா?"

"ஐயோ, மொதல்ல எறங்குறவன..."

"கொரல் குடுப்பேன். என் கொரல் அவனுங்களுக்குத் தெரியாதா?"

காலையிலிருந்து பெய்த மழையில் ஆறு பொங்கி இரைந்துகொண்டிருந்தது. அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே சரிவில் ஓடினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.