கல்யாணத்துக்குன்னு சொன்ன ஆரம்

“அதைக் கழட்டிக் குடுத்துருங்க வதினா. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

பெருந்துறை மண்டபத்தில் ரெண்டாம் பந்தி. ரங்கநாயகி பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து நின்ற தம்பி பெண்டாட்டி வெங்கடலட்சுமியை ஏற இறங்கப் பார்த்தாள். இடது கை தானாகப் போய்க் கழுத்து ஆரத்தை முந்தானையால் மூடியது.

“சாப்பிடறவகிட்ட வந்து கழட்டுங்கறே. கிறுக்குப் புடிச்சிருச்சா? உக்காரு, எலை போடச் சொல்றேன்.”

“எனக்குப் பசிக்கலீங்க. போன வாரம் கேட்டேன், அன்னூருக்கு எங்க ஊட்டுக்கே வந்து தாரேன்னீங்க. முந்தாநேத்துக் கேட்டேன், லாக்கர்ல இருக்குதுன்னீங்க. இன்னிக்குப் பாத்தாக் கழுத்துல தொங்குது.”

சொந்தத்துக்குள் நகை இரவல் போவதும் வருவதும் புதிதில்லை. முகூர்த்த மாசம், வரிசையாகக் கல்யாணம் என்று நாத்தனார் கேட்டாள், இவளும் கொடுத்தாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதுதான் வழக்கமில்லை. கேட்டவள்தான் அற்பம். அது தெரிந்துதான் வெங்கடலட்சுமி காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

“அப்படி என்ன தலை போற அவசரம்?”

“நாளைக்குப் பிரத்யுஷாவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டோணும். கட்டலீன்னா ஆர்க்கிடெக்சர் சீட் போயிருமுங்க. இன்னிக்கே வித்தாத்தான் ஆகும்.”

“விக்கறதா? கல்யாண ஆரத்தையா? ஊரெல்லாம் நீதானடி சொன்னே, எம் பொண்ணு கல்யாணத்துக்குச் சேக்கறேன்னு!”

சொன்னது நிஜம். பிரத்யுஷா எல்கேஜி போனபோதே மகள் காலேஜுக்கென்று இவள் காசு சேர்க்க ஆரம்பித்தாள். பேங்கில் போட்டாள். புருஷன் சுந்தரராஜுலு அதை எடுத்து லேத்து மெஷின் வாங்கினான். போஸ்டாபீஸில் போட்டாள். அது பட்டறைக்குக் கரண்டு கனெக்ஷனாகப் போனது. படிப்புக்கு என்று எத்தனை தடவை சொன்னாலும், “அதுக்கு இன்னும் வருசம் கெடக்குது” என்பதுதான் பதில். கடைசியில் ஜாக்கெட் தைத்த காசை நகைக்கடைச் சீட்டில் கட்டினாள். இது எதற்கென்று அவன் கேட்டபோது, “பொண்ணு கல்யாணத்துக்குங்க” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவன் கை அந்தப் பக்கம் நீளவேயில்லை. அதனால் அதையே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சின்னச் சின்னதாக வாங்கியதை மொத்தமாகப் போட்டு ஆரமாக்கியபோதும் அதையேதான் சொன்னாள்.

“பொய் சொன்னேனுங்க” என்றாள் இப்போது.

“கேட்டுக்குங்க, அவ வாயாலயே சொல்றா!” ரங்கநாயகி பக்கத்து இலைக்காரிகளைப் பார்த்துத் திரும்பினாள். “எம் பையன் யஷ்வந்துக்கு வாரவ போடற ஆரம் இது. இன்னிக்கு எங்கிட்ட இருந்தா என்ன, நாளைக்கு எம் மருமவகிட்ட இருந்தா என்ன?”

“உங்க பையனுக்குத் தாரேன்னு யாருங்க சொன்னது?”

“சொல்லோணுமா? முறை இருக்குது. அஞ்சு வருசம் ஊடு வரையப் படிச்சு யாருக்குக் கட்டப் போறா? எங்க ஊடு கட்டி முடிஞ்சு போச்சு. வந்து வாசல் கூட்டிக் கோலம் போட்டாப் போதும்.”

“உங்க ஊட்டு மாடிப்படி ஒண்ணு ஒசரம், ஒண்ணு பள்ளம். ஏறறவங்க எல்லாம் இடறி உளுகறாங்க. எம் பொண்ணு அதைப் பாத்துத்தான் இந்தப் படிப்பே படிக்கோணும்னாளுங்க.”

எதிர் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ரங்கநாயகியின் முகம் கறுத்தது.

சத்தம் கேட்டு, கழுவாத கையோடு சுந்தரராஜுலு ஓடி வந்தான்.

“நாலு பேர் பாக்கறாங்க. மானத்தை வாங்காதே. வெளிய நட.”

“ஆரம் வந்தா நடக்கறேன்.”

“அக்கா கழுத்துல கை வெப்பியா நீ?”

“கை வெக்கலீங்க. வாயிலதான் கேக்கறேன். நீங்க வாயிலயும் கேக்காம எடுத்தீங்க, ரெண்டு தடவை.”

“பொட்டப் புள்ளை நகையை வித்தவன்னு என்னைத்தான்டி பேசுவாங்க!”

“பொட்டப் புள்ளை படிப்புக் காசைத் தின்னவன்னு இத்தனை நாளா யாரும் பேசலீங்களே. நான் வாயை மூடிட்டு இருந்ததாலதான். இனி மூட மாட்டேன். மைக்கு சும்மாதான் இருக்குது, போயிச் சொல்லட்டுமா?”

நாதஸ்வரக்காரர்கள் எழுந்து போன மேடையை அவள் கை காட்டியது. சுந்தரராஜுலு அக்காளைப் பார்த்தான். அக்காள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ரங்கநாயகி கொக்கியைத் தேடிப் பிடுங்கினாள். கூந்தல் சிக்கி நாலு முடியோடு வந்தது. ஆரத்தைச் சுழற்றித் தன் இலையிலேயே, பாயசத்துக்குள் எறிந்தாள்.

“பொறுக்கிக்க. இன்னியோட உங்க வாசல் மிதிக்க மாட்டேன். உம் பொண்ணுக்கு மாப்பிள்ளை கெடைக்காம எங்கிட்டத்தான்டி வருவே!”

“வர மாட்டேனுங்க.”

எந்தச் சண்டையிலும் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு ‘ங்க’ விட்டுப் போகாது. இன்றைக்கு அது செருப்படி மாதிரி விழுந்தது.

எச்சில் இலையில் கை விட்டு எடுத்தாள். கை கழுவும் குழாயில் அலசி, கர்சீப்பில் சுற்றி, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு தனியாகவே கோயம்புத்தூர் பஸ் ஏறினாள். பஸ்ஸிலிருந்து மகளுக்கு ஃபோன் போட்டு, அந்த ஆரம் எதற்குச் சேர்த்தது என்பதை முதல்முறையாகச் சொன்னாள். “எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்லம்மா” என்றாள் பிரத்யுஷா. கோபமாகத்தான் சொன்னாள்.

காசாகவே கொடுக்கிற கடையாகப் பார்த்துப் போனாள். கடைக்காரன் கல்லுக்கிடையில் ஊசியால் நோண்டினான்.

“என்னங்க பிசுபிசுங்குது?”

“பாயசம். எடையில கழிச்சுக்குங்க.”

கல்லுக்கும் கழித்தான், அரக்குக்கும் கழித்தான். முதல் வருசத்துக்குப் போதும். ரெண்டாம் வருசத்துக்கு முக்கால்வாசி வரும். அவள் பேரம் பேசவில்லை.

படி இறங்கும்போது ஃபோன் அடித்தது. சுந்தரராஜுலு.

“வித்துட்டியா?”

“வித்தாச்சுங்க.”

“அக்கா அழுது அழுது மூச்சு வாங்குது. நீ இனி அன்னூர் ஊட்டுக்குள்ள கால் வெக்காதே. நான் இப்பக் கெளம்பி வாரேன். நான் வாரதுக்குள்ள உங்கம்மா ஊட்டுக்குப் போயிரு.”

“நீங்க வர வேண்டாமுங்க. பிரத்யுஷாகிட்டப் பேசிட்டேன். உள்ளே தாழ் போட்டுக்கிட்டா. நாளைக்குக் காலேஜ்ல காசு கட்டி முடியற வரைக்கும் எனக்கு மட்டும்தான் கதவு தொறப்பா. நீங்க அக்காளுக்கு ஆறுதல் சொல்லிட்டு அங்கயே படுத்துக்குங்க.”

“ஏய்...”

“மாத்துத் துணி வேணும்னா யஷ்வந்தை அனுப்புங்க. ஜன்னல் வழியாக் குடுக்கச் சொல்றேன்.”