காரணம் எழுதும் கட்டம்

...வந்துவிட்டாளா, இவளும் இங்கே வந்துவிட்டாளா, அப்படியென்றால் ஃபெர்ரெய்ரா அம்மா இவளையும் தையல் கடையை விட்டுத் துரத்திவிட்டாள் என்றுதானே அர்த்தம், நோமொண்டேவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது, ஐயோ பாவம் என்று சொல்லிப் பார்த்தாள், மனசு ஒத்துழைக்கவில்லை. கோமானி நகரத் தொழிலாளர் அலுவலகத்தில், வேலை போனவர்கள் உதவிப் பணத்துக்குக் காத்திருக்கும் நீள பெஞ்சில் ஒருவர் எழுந்து கவுண்டருக்குப் போனால் மற்றவர்கள் எல்லோரும் ஓர் இடம் நகர்ந்து உட்கார வேண்டும், விடிகாலையிலிருந்து நகர்ந்து நகர்ந்து பாவாடையே தேய்ந்துவிடும் போலிருந்தது, முன் பெஞ்சில் அந்த மஞ்சள் தலைத்துணி, பபல்வாவேதான், சந்தேகமில்லை. நான் போன பிறகு சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு என்ன ஆட்டம் ஆடியிருப்பாள்... பதினோரு வருஷம் பள்ளிச் சீருடை தைத்தவள் நான், காலர் திருப்பக்கூடத் தெரியாமல் வந்தவள் அவள், ஊசியில் நூல் கோர்ப்பதிலிருந்து நான்தானே சொல்லிக்கொடுத்தேன், துணி வெட்டும் அறையின் சாவியும் பொறுப்பும் யாருக்கு வந்திருக்க வேண்டும்? அப்படி என்னத்தைக் கண்டுவிட்டாள் அம்மா இவளிடம், கணக்காக நாலு எழுத்து எழுதுவாள், பல் தெரியச் சிரிப்பாள், அவ்வளவுதானே?

சாவி கைமாறிய அன்றைக்கு நடந்ததை இந்த ஆறு வாரத்தில் நூறு முறை பிரித்துத் தைத்தாகிவிட்டது. அவளுக்குத்தான் சாவி என்றால் எனக்கு இங்கே என்ன வேலை, நான் போகிறேன் என்று நோமொண்டே சொன்னாள், சொன்னது உண்மைதான், குண்டூசிகளை வாயில் கவ்வியிருந்த ஃபெர்ரெய்ரா அம்மா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "போ, நாளையிலேர்ந்து வராதே" என்று சொன்னாள், அதுவும் உண்மைதான், அப்புறம் யார் யாரை விட்டது? வெட்டுமேஜையருகே நின்ற பபல்வா ஒரு வார்த்தை பேசினாளா, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், உள்ளுக்குள் குதித்திருப்பாள். தானாக வேலையை விட்டவர்களுக்கு அரசாங்க உதவி ஒரு காசு கிடையாது என்று பக்கத்து வீட்டு மத்ஷாபா சொன்னதிலிருந்து நோமொண்டேவுக்குச் சோறு இறங்கவில்லை, வீட்டு வாடகைக்கும் மகளின் பரீட்சைக்கும் இருக்கிற ஒரே வழி அதுதான். படிவத்தில், வேலை போன காரணம் எழுதும் கட்டத்தில் முதலாளி எதை நிரப்பியிருக்கிறாளோ அதுதான் விதி. படிவம் கடையிலிருந்து ஒட்டின உறையில் வந்தது, பிரித்துக் கொண்டுபோனால் வாங்கமாட்டார்கள் என்று ஊரே சொல்கிறது, வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை.

முன் பெஞ்சு நகர்ந்தது, பபல்வா எழுந்தாள், இடுப்பில் கையை ஊன்றி மெதுவாக எழுந்தாள், அப்போதுதான் தெரிந்தது வயிறு, கடையில் தொளதொள மேலங்கிக்குள் மறைத்தே வைத்திருந்தாள் போல, எட்டு மாதமாவது இருக்கும். பிரசவத்துக்கும் இங்கேதான் பணம் என்றாள் பக்கத்தில் இருந்தவள், வேலை எங்கேயும் போகாது, பிள்ளையைப் பெற்றுவிட்டுத் திரும்ப அதே நாற்காலிதான். இவளும் கூட்டத்தில் ஒருத்தியாகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டோமே... வேலையும் இருக்கிறது, சாவியும் இருக்கிறது, வயிற்றில் பிள்ளையும் இருக்கிறது, அதற்கும் சேர்த்து உதவி வேறு, கொடுத்து வைத்தவள், எல்லாம் ஒருத்திக்கே கொட்டிக் கொடுக்க வேண்டுமா? நோமொண்டேவுக்கு அடிவயிறு எரிந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் எரிந்தது.

நோமொண்டேவின் முறை வந்தபோது கவுண்டர்காரர் உறையைச் சரக்கென்று கிழித்தார், ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று பார்க்கக்கூட இல்லை, இதற்காகவா ஒரு வாரம் தூங்காமல் கிடந்தேன்? விரலால் கோடு கோடாக இறங்கினார். நின்றார்.

"நீங்களா விட்டீங்களா, அவங்க அனுப்பினாங்களா?"

அவர் விரலுக்குக் கீழே பார்த்தாள், முதலாளியால் வேலைநீக்கம். உருண்டை உருண்டையான எழுத்து, ஃபெர்ரெய்ரா அம்மாவின் கையெழுத்துப் பிராண்டல் அடியில் மட்டும்தான். துணி அளவுச் சீட்டுகளில் பபல்வா எழுதி நான்கு வருஷம் பார்த்த எழுத்து, எப்படித் தெரியாமல் போகும்.

"அனுப்பினாங்க," என்றாள். அவர் முத்திரையைக் குத்தினார்.

வாசலருகே பபல்வா வீங்கின கால்களைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எழ முயன்று முடியாமல் சிரித்தாள்.

"சரியா இருந்துச்சா அக்கா? நான் எழுதினதை அம்மா எங்க படிச்சுப் பார்த்தாங்க, கையெழுத்துதான் போட்டாங்க."

"ம்," என்றாள் நோமொண்டே, நன்றி சொல்லாமல், உடம்பைப் பார்த்துக்கொள் என்று எதையோ முணுமுணுத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். பணம் வரும், மகள் பரீட்சை எழுதுவாள், சந்தோஷப்படவேண்டியதுதானே, பிறகு ஏன் இன்னும் எரிகிறது, முன்னைவிட அதிகமாக எரிகிறது... நல்லவளாகவும் அவளே இருக்கவேண்டுமா, அதையாவது எனக்கு விட்டிருக்கக் கூடாதா? பேனா என் கையில் இருந்து, போகிறேன் என்று சொன்னவள் அவளாக இருந்திருந்தால், அந்தக் கட்டத்தில் நான் எதை எழுதியிருப்பேன்... ரொட்டிக் கடை தாண்டி, பேருந்து நிறுத்தமும் தாண்டிப் போய்விட்டிருந்தாள், பதில் தெரியாமலில்லை.