பெண் கேட்கப் போன வழியில்

வாஸிஃப் நன்றாகப் பேசுவார். அவரைப் பற்றிக் கேட்டால் ஊரில் எவரும் முதலில் சொல்வது அதுதான். ரமல்லாவில் ஓர் அமைச்சகத்தில் சட்ட ஆலோசகர். அந்த வாரம் சில மேற்கு நாடுகள் பாலஸ்தீனத்தை ஒரு நாடாக அங்கீகரித்திருந்தன. தொலைக்காட்சிக்காரர்கள் அவரை விடவில்லை. வியாழக்கிழமை ஒரு விவாதத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவன் வாயை அடைக்கும்படி பேசிவிட்டு வந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. அண்ணன் மகன் குஸைக்குப் பெண் கேட்கப் போகிற கூட்டத்துக்குத் தலைமை தாங்க அவரைத் தவிர வேறு யாருடைய பெயரும் வீட்டில் எழவில்லை.

பெண் கேட்கப் போவது அங்கே விளையாட்டுக் காரியம் இல்லை. குடும்பத்துப் பெரிய ஆண்கள் எல்லாரும் திரண்டு போக வேண்டும். எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை மரியாதை. பெண் வீட்டார் காப்பி ஊற்றி வைப்பார்கள். தலைமை தாங்குகிறவர் அதைத் தொடமாட்டார். கேட்டு வந்தது கிடைத்த பிறகுதான் குடிப்பார். அவர் குடித்த பிறகுதான் மற்றவர்களும் குடிப்பார்கள்.

பெண்ணின் ஊர் நப்லுஸுக்கு அப்பால். வாஸிஃபின் அலுவலகக் கார் முன்னால், அண்ணன் மம்தூஹின் கார் அடுத்து, அதற்குப் பின்னால் மாமன் மச்சான்களின் கார்கள். ஊர் நுழைவாயிலில் இஸ்ரேல் ராணுவம் போட்ட மஞ்சள் இரும்புக் கேட் மூடிக் கிடந்தது. காலையில் திறந்துதான் இருந்ததாம். ஏன் மூடினார்கள் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. அவர்களுக்கு முன்னால் நின்ற ஒரு டாக்டர் பின்னால் வந்த வேனைக் காட்டி, "எல்லாரும் என் கூட வந்தவங்க" என்றார். சிப்பாய் அவரையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டான்.

வாஸிஃப் தன் அட்டையை நீட்டினார். பெரிய அதிகாரிகளுக்கு மட்டும் இஸ்ரேல்காரர்கள் கொடுக்கிற அட்டை அது. மம்தூஹ் இறங்கி வந்து தம்பியின் கார் ஜன்னல் ஓரமாக நின்றார். சிப்பாய் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பின்னால் நின்ற கார்களைப் பார்த்தான். உடைந்த அரபியில் கேட்டான்.

"இவங்கல்லாம் உன் ஆளுங்களா?"

"இல்ல" என்றார் வாஸிஃப்.

நல்ல காரணம் இருந்தது. தான் மட்டுமாவது அந்தப் பக்கம் போய்விட்டால் நாலு இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டைத் திறக்க வைக்கலாம். பெண் வீட்டாரும் காத்திருந்து கோபப்பட மாட்டார்கள். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமே. 'இல்ல' முதலில் வந்தது. காரணம் கேட்டைத் தாண்டிய பிறகுதான் வந்தது. ஜன்னலில் இருந்த அண்ணனின் கை மெதுவாக விலகியதை மட்டும் அவர் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

போன் போட்டார். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர், "வெள்ளிக்கிழமை, லீவு நாள் வாஸிஃப், யாரைப் பிடிக்கிறது?" என்றார்.

பெண் வீட்டு வாசலில் ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒற்றை ஆளாக இறங்கியவரைக் கண்டதும் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் யாரும் இல்லை.

"கேட்ல நிறுத்திட்டாங்க. இப்ப வந்துருவாங்க" என்றார்.

பெண்ணின் தகப்பனார் ஷஃபீக் பல் மருத்துவர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே ஆயுள் முழுக்கப் பேசிப் பழகியவர் என்பதால் எதிர்வாதம் கேட்டுப் பழக்கமில்லை. காப்பி வந்தது. வாஸிஃபின் முன்னால் வைத்தார்கள். காத்திருக்கிற நேரத்தில் பேச்சு வேறெங்கே போகும்?

"வாழ்த்துகள் சம்பந்தி" என்றார் ஷஃபீக். "நாம இருக்கோம்னு உலகம் ஒத்துக்கிட்டுது. நேத்து வரைக்கும் நான் இல்லைங்கிறது எனக்கே தெரியாது பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணின் அண்ணன் ராகிப் சிரிக்கவில்லை. "எனக்குக் கொடியும் வேண்டாம், தூதரகமும் வேண்டாம் சார். கடல்லேர்ந்து ஆத்தங்கரை வரைக்கும் ஒரே நாடா இருந்துட்டுப் போகட்டும். இஸ்ரேல்காரனுக்கு ஒரு ஓட்டு, எனக்கு ஒரு ஓட்டு. அவ்வளவுதான்."

"அந்த ஓட்டை யார் தம்பி உனக்குத் தருவா?" வாஸிஃபுக்கு உயிர் வந்தது. இது அவர் களம். "நாடுன்னு பேர் இருந்தாத்தான் கோர்ட்டுக்குப் போகலாம், ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலாம். பேர் இல்லேன்னா நாம வெறும் ஒரு பிரச்சினை. பிரச்சினையை யாரும் பந்தியில கூப்பிட்டு உக்கார வைக்க மாட்டாங்க."

"கேட்டுச் சாவி அவன்கிட்ட. பேரை வச்சு நான் என்ன பண்றது?"

"சாவி அவனுது இல்லைன்னு சொல்றதுக்கே முதல்ல ஒரு பேர் வேணும்டா."

ஷஃபீக் கையை உயர்த்தி மகனை அடக்கினார். "விடு. நேத்து டிவியில இவர் சொன்னதை நீ கேக்கல. நாடுன்னா நாலு விஷயம் வேணும்னாரு. எல்லை, அரசாங்கம், வெளிநாட்டு உறவு, அதெல்லாம் அப்புறம். முதல்ல மக்கள். 'இவங்க என் ஜனங்க'ன்னு ஒருத்தன் அடுத்தவன் முன்னால நின்னு சொல்றான் பாரு, அங்கதான் நாடு ஆரம்பிக்குதுன்னாரு. உங்கம்மா அழுதுட்டா."

வாஸிஃப் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மானம் என்று ஒன்று இருந்தால் இப்போது எழுந்து, நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் குஸையின் கல்யாணம் இந்த அறையிலேயே முடிந்துபோகும். சொந்தக் கூட்டத்தை இல்லை என்றவன் கேட்டு எவன் பெண் கொடுப்பான்? அவர் சொல்லவில்லை. பையனுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று தேற்றிக்கொண்டார். அதுவும் பிறகு வந்த காரணம்தான்.

வெயில் சாய்கிற நேரத்தில் மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். கார்களைக் கேட்டுக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு, ஆலிவ் தோப்புகளுக்குள் புகுந்து, மலையைச் சுற்றி நடந்து வந்திருந்தார்கள். கோட்டு சூட்டெல்லாம் முள்ளும் புழுதியும். பெரிய மாமா பிய்ந்துபோன ஒரு செருப்பைக் கையில் பிடித்திருந்தார். வீட்டார் பதறி எழுந்தார்கள்.

"மெஷின் கன் வச்சவன் கண்ணுல மண்ணைத் தூவிட்டு வந்திருக்கீங்களே!" என்றார் ஷஃபீக். "ஆமா, தம்பி மட்டும் எப்படி முன்னால வந்தாரு?"

மம்தூஹ் தம்பியைப் பார்க்காமலே பேசினார்.

"நான்தான் போகச் சொன்னேன். அவன் நகரவே மாட்டேன்னுட்டான். இவங்க எல்லாரும் என் ஆளுங்க, விட்டா எல்லாரையும் விடுன்னு சிப்பாய்கிட்ட மல்லுக்கட்டினான். பொண்ணு வீட்டைக் காக்க வைக்காதேன்னு நான்தான் பிடிச்சுத் தள்ளினேன்."

"அப்படிச் சொல்லுங்க!" என்று யாரோ தொடையைத் தட்டினார்கள். ராகிப்கூட எழுந்து வந்து வாஸிஃபின் கையைக் குலுக்கினான். வாஸிஃபுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. கூட நடந்து வந்த ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பெரிய மாமா செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்று, கேட்க வேண்டிய முறைப்படி கேட்டார். குரல் இருமுறை உடைந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்தார்கள். "உங்களுக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுப்பேன்? காப்பியைக் குடிங்க" என்றார் ஷஃபீக். குடித்தார். எல்லாரும் குடித்தார்கள். உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள்.

முற்றத்துக் குழாயடியில் மம்தூஹ் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். கணுக்காலில் முள் கிழித்த ரத்தக் கோடு. வாஸிஃப் பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணே... அந்த நேரத்துல வாயில என்ன வந்துதுன்னே..."

"உள்ள நான் சொன்னது பையனுக்காக. அதை விடு."

"கேட்டு இன்னும் மூடித்தான் இருக்காம். திரும்பிப் போறப்ப நானும் உங்ககூட மலைமேல நடந்து வரேன்."

மம்தூஹ் குழாயை மூடினார். கோபம் இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். இல்லை. சின்ன வயதில் மூக்கைத் துடைத்துவிட்ட அதே முகத்தோடுதான் பார்த்தார்.

"வேண்டாம்டா. வழியில மறிச்சா, கூட வர்றது யாருன்னு கேப்பான். நான் தம்பின்னுதான் சொல்லுவேன். அப்புறம் உன் அட்டையைப் பிடுங்கிக்குவான்."

மற்றவர்கள் கோட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு தோப்புப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். மம்தூஹும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

வாஸிஃப் காரில்தான் திரும்பினார்.