பிரேமிந்த்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனிக்குப் புதிதாக வந்த அனுசியா, பிரசவ லீவில் இருந்த இந்துவின் குழந்தையைப் பார்க்க மற்ற பெண்களோடு திருவில்லிபுத்தூருக்குப் போனாள்.

குழந்தைக்குப் பிரேமிந்த் என்று பெயர் வைத்திருப்பதாக இந்து சொன்னதும் அனுசியாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இதென்னம்மா, மாத்திரை பேரு மாதிரி இருக்கு? வாயில நுழையுற பேரே கெடைக்கலையா?"

யாரும் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரவுக பேரு பிரேம்குமாரு, அக்கா," என்றாள் இந்து. "நான் மாசமா இருக்கையில பைக்குல அடிபட்டுத் தவறிட்டாக. அவுக பேரையும் என் பேரையும் சேத்து வச்சேன்."

அனுசியாவுக்கு முகம் தீயாய் எரிந்தது. "தெரியாமச் சொல்லிட்டேம்மா," என்று முனகினாள்.

இந்து கோபப்படாமல் குழந்தையை அவள் மடியில் போட்டாள். "நீங்களும் ஒருவாட்டி பேரச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா."

அனுசியா குழந்தையைத் தோளில் சாய்த்து, அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.