காரை விட்டு இறங்காதவர்

எங்கள் தெருவில் அவருக்குக் கூலிங்கிளாஸ் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதை விசாரிக்கும் அளவுக்கு யாருக்கும் அவர்மேல் பிரியம் இருந்ததில்லை.

வீட்டுக்கடன் கம்பெனியில் மதிப்பீட்டாளர். கடன் கேட்டவர் வாங்கப்போகும் வீட்டை நேரில் பார்த்து, சுவர் ஊறுகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று எழுதிக் கொடுப்பது வேலை. வீடுகள் சுடச்சுட விற்ற காலத்தில் ஒரு நாளைக்கு எட்டு வீடு பார்த்தார். பார்த்தார் என்றால், ஏசியை அணைக்காமல், கார் கண்ணாடியை நாலு விரல்கடை இறக்கி, செல்போனில் ஒரு படம். அப்புறம் படிவத்தில் கூரை நன்று, சுவர் நன்று, குழாய்கள் நன்று. அடியில் குரங்கு வால் மாதிரி நீண்டு சுருண்டு, முடிவில் இரண்டு புள்ளி வைத்த கையெழுத்து. கத்தரிக்காய் வாங்குகிறவள்கூடப் புரட்டிப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். இவர் வீட்டை அப்படியே போட்டார்.

மனைவியின் தம்பி பிளம்பர். அவன் அக்காவைப் பார்க்க வந்தால், இவர் சோபாவில் செய்தித்தாளை விரித்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். மச்சான் சிரித்துக்கொண்டே உட்காருவான். அக்காதான் அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

பிறகு வீடு வாங்க நாதியில்லாமல் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனி நாற்பது பேரை டீ, பிஸ்கட்டோடு மீட்டிங்குக்குக் கூப்பிட்டது. டீ ஆறுவதற்குள் நாற்பது பேருக்கும் வேலை இல்லை. கூலிங்கிளாஸ் தெருவுக்குள் வந்து, "துறை மாறலாம்னு நானே விட்டுட்டேன்" என்றார். நாங்களும் நம்பினோம், நம்பாமல் என்ன? ஐந்து மாதம் நாற்காலி உள்ள வேலைக்கெல்லாம் விண்ணப்பம் போட்டார். எந்த நாற்காலியும் காலியாக இல்லை. காரும் போனது. கடைசியில் மனைவி தம்பியிடம் பேசினாள். மச்சான் பழசை நினைக்காமல் மறுநாளே ஒரு ஜோடி கையுறை கொண்டுவந்து கொடுத்தான். அவருக்கு அதுதான் பெரிய அவமானம்.

பிளம்பர் உரிமம் வாங்க ஒரு தேர்வு உண்டு. தேர்வு எழுத, பன்னிரண்டு வீட்டில் வேலை செய்ததாக வரிக்கு வரி தானும் வீட்டுக்காரரும் கையெழுத்திட்ட அட்டை வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. "இன்னும் ஆறு மாசம் என் தம்பி பின்னால பையைத் தூக்கிட்டு நடங்க, எனக்கொண்ணும் இல்ல" என்றாள் மனைவி. "தெருவுக்குத்தான் பேசிப்பேசி வாய் வலிக்கும்."

பதினோரு கையெழுத்து சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாவது வீடு ஒரு நர்ஸம்மாவுடையது. மாடிக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிந்து, ஹால் கூரை கறுத்து, பெயின்ட் தோலுரிந்து தொங்கியது. முதல் நாளே அந்தம்மா கதையைச் சொல்லிவிட்டாள். வாங்கி ஆறு வருடம், குடிவந்த முதல் மாதமே ஒழுகல், கூரை நன்று என்று எவனோ எழுதிக் கொடுத்திருக்கிறான், அவன் மட்டும் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. கூலிங்கிளாஸ் உளியை நிறுத்தி, "இப்படியும் இருக்கானுங்களே" என்று உச்சுக்கொட்டினார்.

இரண்டு நாள் சுவரை உடைத்து, புதுக்குழாய் போட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம், டேப் எடுக்க மச்சானின் வேனில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவர், யதேச்சையாகத் தலையைத் திருப்பினார். குட்டை மதில், பச்சைத் தபால் பெட்டி, மேலே இரண்டு ஜன்னல். இரண்டு நாள் உள்ளே புழங்கியும் தெரியாத வீடு, சீட்டிலிருந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருக்கும் அந்த வீட்டுக்கும் இருந்த பழக்கம் அந்த உயரத்தில்தான்.

ஓடிவிடலாம். ஆனால் மணி ஒன்றரை, வேறு வீடு கிடையாது. அட்டையின் பன்னிரண்டாவது வரியில் தன் கையெழுத்தை எறும்பு அளவுக்குச் சுருக்கி, வாலை வெட்டிப் போட்டார். மேலே பதினோரு வால்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. மனுஷனுக்கு அது உறைக்கவில்லை.

டாக்டர்களின் கிறுக்கலை இருபது வருடமாகப் படித்த கண்ணுக்கு ஒரு பார்வை போதும். நர்ஸம்மா அட்டையோடு உள்ளே போய், வீட்டுக்கடன் ஃபைலோடு வந்தாள். படத்தில் பாதி வீடு, பாதி கார் கண்ணாடி. அடியில் வால், இரண்டு புள்ளி.

"இது உங்க கையெழுத்துதானே?"

பழைய பாட்டு தானாக வாயில் வந்தது. "அன்னைக்குப் பாத்தப்ப நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"எங்கேருந்து பாத்தீங்க?"

மச்சான் ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைக்க ஆரம்பித்தான். கூலிங்கிளாஸ் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். இந்தப் பொய்யை இன்னும் கொஞ்ச தூரம் இழுக்கலாம்தான். ஆனால் அட்டை அவள் கையில் இருந்தது.

"கார்லேருந்து. இறங்கவே இல்லம்மா."

அவள் திட்டியிருந்தால் தேவலை. டார்ச் இருக்கிறதா என்று கேட்டாள். வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள், குளியலறையில் மண்டியிட்டாள், உடைத்த சுவருக்குள் தலையை விட்டாள். ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ தாளால் ஒற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வீட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். மூன்றாவது இணைப்பில் தாளில் கடுகளவு ஈரம்.

"அது ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தவர், பாதியில் விழுங்கினார். கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால் குப்புறப் படுத்து, கழற்றி, திரும்பப் பூட்டினார். மச்சான் கை வைக்கவில்லை. அவள் மறுபடி ஒற்றினாள். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் நின்று, இன்னொரு தடவையும் ஒற்றினாள். காய்ந்திருந்தது.

நாலு இருபதுக்குக் கையெழுத்துப் போட்டாள். குறிப்பு என்ற இடத்தில் எழுதினாள்: 'ஒரு இணைப்பு கசிந்தது. திரும்பச் செய்தார். உள்ளே போய்ப் பார்த்தேன்.'

அவர் சட்டை முன்பக்கம் முழுக்கச் சேறு. மச்சான் வேன் கதவைத் திறந்தான். சீட்டில் செய்தித்தாளை விரித்து, மடிப்பை நீவிவிட்டான். "உக்காருங்க அத்தான், நேரமாச்சு." உட்கார்ந்தார். தாள் சரசரத்தது.

உரிம அலுவலகத்தில் ஐந்தாக எட்டு நிமிடம். கவுன்டர்க்காரர் போனில் யாருடனோ பேசியபடியே அட்டையை வாங்கினார். கண் போனில், கை முத்திரையில். டக்கென்று குத்தித் தட்டில் எறிந்தார்.

கூலிங்கிளாஸ் நகரவில்லை. "சார், ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்."

அவர் நிமிரக்கூட இல்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அடுத்தது யாரு?"