ரோண்டெலின் வழியனுப்பு விழா

ரோண்டெல் மேப்ரிக்கு வழியனுப்பு விழா என்பது எங்கள் ஊரான சாகினாவில் அவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். அவன் சம்மதித்துத்தான் நடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அவன் எங்கள் ஊர்க்காரன். இளமையில் கூடைப்பந்தின் பெரிய லீகில் ஒரு பருவம் ஆடினான். முழங்கால் தசைநார் கிழிந்ததும் கைகழுவிவிட்டார்கள். துருக்கியிலும் லித்துவேனியாவிலும் ஆடிவிட்டு, ஊர் திரும்பி நான் ஆடும் சிறிய அணியில் சேர்ந்தான். முப்பத்தேழு வயதிலும் பயிற்சிக்கு முதலில் வருபவன் அவன்தான்.

ஃபோர்ட் வெய்ன் அணியோடு ஆட்டம். இடைவேளையில் விளக்குகளை அணைத்து, அவனுடைய பழைய படங்களைப் பெரிய திரையில் ஓட்டினார்கள். அணியின் மேலாளர் ஹாலோரன், அவனுடைய சட்டையைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். அவன் அம்மா பூங்கொத்தோடு ஆடுகளத்தின் நடுவில் நின்றாள்.

"இவ்வளவு காலம் நம்மளை மகிழ்விச்ச ரோண்டெல் இன்னிக்கு ஓய்வு பெறுறார்," என்றார் ஹாலோரன்.

ரோண்டெல் அம்மாவைப் பார்த்தான்.

"ஆட்டத்தை விடப்போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா?" என்றாள் அவள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலம்மா."

ரோண்டெல், ஹாலோரன் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டான். "என்னை வேலையை விட்டுத் தூக்கணும்னா தூக்குங்க சார். நானா போறேன்னு ஊருக்குச் சொல்லாதீங்க. நான் எங்கயும் போகல."

அம்மா பூங்கொத்தை ஹாலோரன் கையில் திணித்தாள். "அப்ப இது உங்களுக்குத்தான். வச்சுக்குங்க." சிரிப்பும் கைதட்டலும் கூரையை அதிரவைத்தன.

இரண்டாம் பாதியில் பயிற்சியாளர் வென்ட் அவனை இறக்கவில்லை. மேலிடத்து உத்தரவு என்று எங்களுக்குப் புரிந்தது. ஆனால் கடைசிக் கட்டத்தில் எங்கள் இளம் ஆட்டக்காரன் ஒருவன் கணுக்கால் பிசகி விழுந்தான். கூட்டம் ரோண்டெலின் பெயரைக் கத்தியது. வென்ட் மேலாளர் இருந்த பக்கம் திரும்பாமலே, "போடா, போய் ஆடு," என்றார்.

எதிரணிப் பையன் ஒருவன் இளித்தான். "பெருசு, பூவெல்லாம் கொடுத்தாச்சே, இன்னும் வீட்டுக்குப் போகலையா?"

"உன்னையும் கூட்டிட்டுப் போகலாம்னுதான் நிக்கிறேன், தம்பி."

சொன்ன வேகத்தில் பையனிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்தான். நொண்டியபடியே ஓடிக் கூடையில் போட்டான். கடைசிப் பந்தும் அவன் கைக்கே வந்தது. மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். "குவின்சி!" என்று என்னைக் கூப்பிட்டது மட்டும்தான் கேட்டது, பந்து என் கையில் இருந்தது. போட்டேன். வென்றோம்.

உடைமாற்றும் அறையில் முழங்காலில் ஐஸ் கட்டி உட்கார்ந்திருந்தவனிடம், "தூக்கிடுவாங்கடா," என்றேன்.

"தூக்கட்டும். அது அவங்க வேலை. ஆடுறது என் வேலை."

தூக்கினார்கள். கோடையில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே ஃபோர்ட் வெய்ன் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் அரங்கத்துக்கு வந்தான். ஊரே எழுந்து நின்று எதிரணிக்காரனுக்குக் கைதட்டியது. அவனைத் தடுக்கும் பொறுப்பு என்னுடையது.

"வழி விடு மச்சான்."

"முடியாது."

"சரி, அப்ப பந்து உன் தலைக்கு மேலயே போகட்டும்."

அப்படித்தான் போனது.