மேற்கணக்குக்குப் போன இரண்டு பைக்குகள்

துஷ்யந்தியின் வலது கால் ஃபுட்ரெஸ்டில் இருந்தது. இடது கால் தரையைத் தேடிக்கொண்டிருந்தது. சப்பாத்தின் நுனியை எவ்வளவு நீட்டியும் அதற்கும் கராஜின் சிமெந்துத் தரைக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி மிச்சம் இருந்தது. இடுப்பை ஒரு பக்கம் சரித்துப் பார்த்தாள். பைக்கும் சேர்ந்து சரிந்தது. கராஜ் வைத்திருக்கிற றவூப் நானா சட்டென்று ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். பைக்கின் சொந்தக்காரரான புவனேந்திரன் முகத்தைத் திருப்பி, சுவரில் தொங்கிய டயர் கம்பெனிக் கலண்டரைப் பார்த்தார். அந்த மரியாதைதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சீட்ட உயர்த்திட்டானுங்க," என்றார் றவூப் நானா. "பழசவிட ரெண்டு இஞ்சி கூட."

"குலுக்கலத் தாங்குற ஜம்பு நல்லா இருக்கணும்னா உயரம் வேணும்தானே நானா," என்றார் புவனேந்திரன்.

ஐந்து வருடமாக மூடிக் கிடந்த வாகன இறக்குமதி திறந்த பிறகு பதுளைக்குள் வந்த முதல் புது மொடல் ட்ரெயில் பைக் அது. அப்படித்தான் புவனேந்திரன் சொல்லிக்கொண்டார். பசார் வீதியில் அவருக்குப் பாத்திரக் கடை இருந்தது. தாத்தா காலத்துக் கடை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது அவர் மிக அடக்கமான மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் போட்டுவிட்டால் வேறு ஆள். மலையிலும் சேற்றிலும் ஓட்டுகிற பதினோரு பேர் சேர்ந்த வாட்ஸப் குழுவில் ஒரு வாரமாக அவருடைய பைக்கைப் பற்றித்தான் பேச்சு. கார்பரேட்டர் போய்விட்டது, எல்லாம் கம்ப்யூட்டர் என்று ஒருவர். மிதித்து ஸ்டார்ட் பண்ணுகிற கிக்கரை எடுத்தது மகா பாவம் என்று றவூப் நானா. ஆறு கியர், விரல் ஒன்றால் பிடிக்கிற கிளச், வழுக்கினால் தானாக விட்டுப் பிடிக்கிற பிரேக் என்று புவனேந்திரன் இரவு பகலாக வொய்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தார். முன் லைட் பழைய மாதிரி வட்டமாக இல்லை, தேள் மாதிரி இருக்கிறது என்று அப்புத்தளையிலிருந்து ஒருவர் சண்டை பிடித்துக் குழுவை விட்டே போய், மறுநாள் திரும்பி வந்திருந்தார்.

துஷ்யந்தி அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண். கல்லூற்றுத் தோட்டத்துக்கும் அதைச் சுற்றிய தோட்டங்களுக்கும் அவள் மிட்வைஃப். அதே பைக்கின் பழைய மொடலை நில அளவையாளர் ஒருவரிடமிருந்து வாங்கி ஐந்து வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் தோட்டத்தின் உச்சிப் பிரிவான மேற்கணக்கின் தொழிலாளர் லயங்களுக்கு நடந்துதான் போவாள். போக இரண்டரை மணித்தியாலம். ஒரு நாளில் மூன்று வீடு பார்த்தால் பெரிய காரியம். பைக் வந்த பிறகு பன்னிரண்டு வீடு. அதனால் அவளுக்கு அந்தப் பைக்கின் மேல் இருந்தது வெறும் ஆசை இல்லை. ஆனால் ஆசையும் இருந்தது. அதை அவள் ஆபீஸில் காட்டிக்கொள்வதில்லை.

இந்தக் கிழமை அவளுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்திருந்தது. மலைப் பிரிவுகளில் வேலை செய்கிற ஐந்து மிட்வைஃப்மாருக்கு ஆளுக்கொரு பைக் தருவதாக ஒரு தொண்டு நிறுவனம் ஒத்துக்கொண்டது. புதிய மொடலா, திருத்தி எடுத்த பழைய மொடலா என்பதை அவர்கள் அவளுடைய ஆபீஸுக்குப் பொறுப்பான டொக்டரிடம் கேட்டார்கள். டொக்டர் அவளைக் கூப்பிட்டார். "எனக்கு பைக் பத்தி என்ன தெரியும்? நீங்கதானே ஓட்டுறீங்க. திங்கட்கிழமை காலைல ஒரு பக்கத்துல எழுதித் தாங்க, நான் சைன் வைக்கிறேன்," என்றார்.

பைக்கை விட்டு இறங்கியவள் புவனேந்திரனிடம் கேட்டாள். "புவன் அண்ணே, நாளைக்கு இத மேற்கணக்குக்கு ஏத்தலாமா?"

"அதுக்குத்தானே வாங்கினது."

"சும்மா ஏறினா எந்த பைக்கும் ஏறும். என் பெட்டியோட ஏறணும். நான் ஓட்டணும். நீங்க என்னோடத எடுத்துட்டு வாங்க."

புவனேந்திரன் கலண்டரிலிருந்து கண்ணைத் திருப்பினார். முழுதாக எண்ணூறு கிலோமீட்டர்கூட ஓடாத பைக். றவூப் நானா சிரிப்பை அடக்கியபடி கைத் துணியால் விரல்களைத் துடைத்தார். "நானும் வாறன்," என்றார். "ரெண்டுல எது உழுந்தாலும் தூக்க ஆள் வேணும்."

ஞாயிறு காலை கல்லூற்றுத் தோட்டத்துத் தொழிற்சாலைக்குக் கீழே மூவரும் நின்றார்கள். தடுப்பூசி கொண்டுபோகிற பெட்டிக்குள் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி, வழக்கமான பாரத்துக்குக் கொண்டுவந்து, புது பைக்கின் பின் சீட்டில் டியூப் வாரால் இறுக்கிக் கட்டினாள். பெட்டிக்கு மேலால் காலைப் போட முடியவில்லை. ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபுட்ரெஸ்டில் மிதித்து, மரம் ஏறுவது போல் ஏறினாள். பொத்தானை அழுத்தினாள். எஞ்சின் சத்தமே இல்லாமல் எழுந்தது. மூடுபனியிலும் குளிரிலும் தன் பைக்கை எழுப்ப அவள் தினமும் படுகிற பாட்டை நினைத்துக்கொண்டு பின்னால் திரும்பினாள். அங்கே புவனேந்திரன் கிக்கரை மிதித்துக்கொண்டிருந்தார். ஐந்து. ஆறு. ஏழு.

"சோக்க இழுங்க அண்ணே! முழுசா இல்ல, பாதி!"

எட்டாவது மிதியில் பழைய பைக் கனைத்தது. புவனேந்திரன் ஏதோ பரீட்சை பாஸான மாதிரி கையைத் தூக்கினார்.

முதல் மூன்று வளைவும் கருங்கல் பாதை. வெள்ளைக்காரன் காலத்தில் பதித்த கல், இடையிடையே பெயர்ந்து பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். அங்கே எப்போதும் அவளுடைய முழங்கை தெறித்துவிடும். இன்று கற்கள் வந்தன, கீழே போயின, அவ்வளவுதான். கைக்கு அதிர்வு ஒன்றும் வந்து சேரவில்லை. இரண்டாவது கியரில் முறுக்கினாள். பைக் அவள் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தது. முப்பத்து நான்கு வயதில், இரண்டு பிள்ளைகளின் தாய், அரசாங்க உத்தியோகத்தர், ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுக் கூவினாள். பக்கத்து மலையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நான்காவது வளைவில் ஓடை. போன மாத மழையில் பாதை சரிந்து, ஓடை பாதையின் பாதியைத் தின்றிருந்தது. தன் பைக்கில் என்றால் அவள் அங்கே நின்று, இரண்டு காலையும் ஊன்றி, தவளை மாதிரித் தத்தித் தத்திக் கடப்பாள். பழக்கத்தில் இன்றும் நின்றாள். காலை ஊன்றினாள். கால் ஊன்றுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

பைக் மெதுவாக, மிக மெதுவாகத்தான் விழுந்தது. அவ்வளவு நேரமும் அவளுக்குத் தெரிந்தது, நிறுத்த முடியவில்லை. தண்ணீருக்குள் முழங்காலில் விழுந்தாள். பெட்டி ஒரு பக்கம் போத்தல்களைக் கக்கியது. இடது சிக்னல் லைட் பட்டென்று முறிந்து, ஆரஞ்சு நிறத் துண்டாய் ஓடையோடு போனது.

பின்னால் வந்த புவனேந்திரன் பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். தன் பைக்கிடம் ஓடுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துத் தூக்கினார். "அடி பட்டிருச்சா மிஸ்?"

"இல்லண்ணே. சிக்னல் போயிருச்சு."

"போகட்டும்," என்றார். சொல்லும்போதே கண் ஓடையோடு போன அந்தத் துண்டைத் தேடியது.

துஷ்யந்திக்குக் கண் கலங்கியது. சிக்னலுக்காக இல்லை. இந்தப் பைக்கை வடிவமைத்தவன் எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்து ஓட்டுகிறவனின் உயரத்தை ஒரு கோடாகப் போட்டிருப்பான். அந்தக் கோட்டுக்கு அவள் எட்டவில்லை. மூன்று வளைவு வரை அந்தப் பைக் தனக்கென்றே செய்தது என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது.

றவூப் நானா தன் ஸ்கூட்டரைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து வந்து சேர்ந்தார். முறிந்த இடத்தைப் பார்த்தார். அவளுடைய ஈரக் காலைப் பார்த்தார். "நீங்க ஏன் நிப்பாட்டினீங்க?" என்றார்.

"எப்பவும் நிப்பாட்டுவேன்."

"பழசுல நிப்பாட்டணும், சரி. இது அப்பிடியில்ல. நிக்காம போங்க. நின்னாத்தான் உழும்."

அவள் மறுபடி மரம் ஏறினாள். பின்னால் போய்த் திரும்பி, மூச்சை இழுத்து, காலைத் தரைப் பக்கமே கொண்டுபோகாமல் ஓடைக்குள் விட்டாள். முன் டயர் ஒரு கல்லில் வழுக்கியது. ஹேண்டில் துடித்தது. பிறகு தண்ணீர் இரண்டு பக்கமும் சிறகு விரித்தது. அக்கரையில் இருந்தாள். றவூப் நானா பேரன் ஓடக் கண்டவர் போல் கை தட்டினார்.

அதன் பிறகு அவர் பழைய பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டார். மேற்கணக்கில் இறங்கியபோது துஷ்யந்தியும் புவனேந்திரனும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அண்ணே, அந்தக் கிளச்! பிடிச்ச மாதிரியே தெரியல!"

"மிஸ், இவன் ஒவ்வொரு கல்லையும் சொல்லிச் சொல்லி ஏறுறான்! என்னோடதுல நான் ரோட்டையே பாக்கல, மீட்டரத்தான் பாக்குறேன்!"

ஒரு வாரமாகப் புதுசுக்காகச் சண்டை பிடித்தவர் பழசின் டேங்கைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பழசுக்காகச் சண்டை பிடித்த றவூப் நானாவோ புதுசின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எஞ்சினைச் சுற்றி விரலால் தடவினார். "பெட்டரி ஒரேயடியா செத்தா தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது," என்று தனக்குத்தானே சொன்னார். "ஆனா சீட்ட இறக்கலாம். பின் ஜம்புல ஒரு பிளேட் மாத்தினா ஒரு இஞ்சி. ஸ்பொஞ்ச வெட்டினா இன்னொரு இஞ்சி."

இறக்கலாம் என்ற சொல் துஷ்யந்தியின் காதில் தேன் போல விழுந்தது. உடனே மற்ற நான்கு மிட்வைஃப்மாரின் ஞாபகம் வந்தது. அவர்களுடைய உயரம் என்ன? மேற்கணக்கில், காலையில் தொழிலாளர் கூடி நிற்கிற பெரட்டுக்களத்துக்கு மேலே ஒரு பாறையில் மட்டும்தான் ஃபோன் சிக்னல் கிடைக்கும். ஏறி நின்று வெலிமடைப் பக்கம் வேலை செய்கிற விஜயலெட்சுமிக்கு எடுத்தாள்.

"அக்கா, உங்க உயரம் எவ்வளவு?"

"எதுக்கு துஷி, எனக்கு மாப்பிள்ள பாக்குறியா?"

"பைக்குக்கு அக்கா. நமக்குத் தாராங்கல்ல. எந்த மொடல்னு எழுதணும்."

"எனக்கு பைக் ஓட்டத் தெரியாதே. சைக்கிள் கூடத் தெரியாது. டொக்டர் பேரப் போட்டுட்டார். என்னைய ஆர் கேட்டது?"

மற்றவர்களுக்கும் எடுத்தாள். ஒருத்தி டவுனில் ஸ்கூட்டர் ஓட்டுவாள். மற்ற இருவரும் புருஷனின் பின்னால் உட்கார்ந்து போனதோடு சரி. ஒரு வாரமாகப் பதினோரு பேர் கார்பரேட்டரையும் கிக்கரையும் பற்றிக் கத்தினோம், ஓட்டப்போகிறவர்களை ஒருவரும் கேட்கவில்லை. தானும் கேட்கவில்லை. பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது ஃபோன் அடித்தது. மறுபடி விஜயலெட்சுமி.

"துஷி, எனக்கு நாப்பத்தாறு வயசு. இனி கத்துக்க முடியுமா?"

"முடியும் அக்கா."

"நீ கத்துத் தருவியா?"

"தருவேன்."

"அப்ப விழுந்தாலும் எழும்பி ஓட்டக்கூடியதாப் பாத்து எழுது," என்று அவள் சொன்னபோது குரலில் ஒரு சின்னப் பெண்ணின் அவசரம் இருந்தது.

பாறையை விட்டு இறங்கிவந்தபோது ஜீவராணி பிளேன்டீ கொண்டுவந்திருந்தாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. இருபத்தெட்டு வயது. புவனேந்திரனைவிட அரை அடி உயரம். தட்டை நீட்டியபடி அவள் பைக்குகளைப் பார்த்த பார்வையை துஷ்யந்தி கவனித்தாள்.

"ஜீவா, பைக் ஓட்டியிருக்கியா?"

"ஐயோ மிஸ், நானா?"

"ரெண்டையும் ஒரு தடவ ஓட்டிப் பாரேன். எனக்காக. ஓட்டத் தெரியாத ஆளுக்கு எது லேசுன்னு பாக்கணும்."

ஜீவராணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டைப் படியில் வைத்தாள், துப்பட்டாவைக் கழற்றி ஒரு தேயிலைச் செடியின் மேல் போட்டாள்.

முதலில் பழையது. துஷ்யந்தியே மிதித்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தாள். ஜீவராணியின் இரண்டு காலும் தரையில் தாராளமாக நின்றன. ஆனால் கிளச் கனம். விட்டாள், பைக் துள்ளி நின்றது. மறுபடி மிதித்துக் கொடுக்க, மறுபடி நின்றது. நான்கு தடவை. ஐந்தாவது தடவை பத்தடி போய், தேயிலைச் செடிக்குள் முன் சில்லைக் கொண்டுபோய்ச் செருகினாள். பைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. புவனேந்திரன் அதைப் பெருமையாகச் சுட்டிக் காட்டினார். லயங்களிலிருந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஈரக் கையோடு வந்து நின்றார்கள்.

"இப்ப மத்தது," என்றாள் ஜீவராணி. இப்போது அவளை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பொத்தானைக் காட்டினார்கள். கிளச்சைக் காட்டினார்கள். றவூப் நானா பக்கத்தில் நடந்தபடி, "மெதுவா விடுங்க, விடுங்க, அவ்வளவுதான்," என்றார். பைக் நகர்ந்தது. துள்ளவில்லை. முறுக்காமலே, கயிறு கட்டி இழுத்த மாடு மாதிரி, அதுபாட்டுக்கு நடந்தது. றவூப் நானாவும் நடந்தார். பிறகு வேகமாக நடந்தார். பிறகு ஓடினார். பிறகு நின்றுவிட்டார்.

ஜீவராணி பெரட்டுக்களத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். இரண்டாவது சுற்றில் காலைத் தூக்கி ஃபுட்ரெஸ்டில் வைத்தாள். கூட்டத்திலிருந்து ஒரு குரல், "எங்க புள்ளடி அது!" என்றது. துஷ்யந்தி கைப்பையிலிருந்து டொக்டர் கொடுத்த தாளையும் பேனாவையும் எடுத்திருந்தாள். 'புதிய மொடல்' என்று எழுதினாள். 'சீட் தாழ்த்தித் தரப்பட வேண்டும்.' கொஞ்சம் யோசித்து அதற்குக் கீழே, 'பைக்குகள் வருவதற்கு முன் ஒரு மாதப் பயிற்சி' என்று எழுதிக்கொண்டிருந்தபோது புவனேந்திரன் அவளுடைய தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"மிஸ், நிப்பாட்டுறது சொல்லிக் கொடுத்தீங்களா?"

"நானா சொல்லியிருப்பார்."

"நான் சொல்லல்ல," என்றார் றவூப் நானா.

மூவரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினார்கள். மூன்றாவது சுற்றில் ஜீவராணி களத்தின் மூலையில் இருந்த இடைவெளியைப் பார்த்துவிட்டாள். அங்கிருந்து ஐந்தாம் நம்பர் மலைக்குப் போகிற மண் பாதை தொடங்கியது. ஒரு கணம் அவர்கள் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது. பிறகு முறுக்கினாள்.

"ஜீவா! வலது கை! வலது கைப் பிரேக்!"

எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. மூடுபனி மேலிருந்து இறங்கி முதல் வளைவை மூடியது. பெண்கள், பிள்ளைகள், கையில் தாளுடன் துஷ்யந்தி, எல்லோரும் கழுத்தை உயர்த்தி நின்றார்கள். கொஞ்ச நேரம் வெறும் வெள்ளை. பிறகு அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு வெகு மேலே, கொழுந்தெடுக்கிறவர்கள் கூட மூச்சு வாங்கி நின்று நின்று ஏறுகிற இடத்தில், பனிக்குள் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. அது நிற்கவில்லை. அடுத்த வளைவை நோக்கி வளைந்து போனது.